தாடி வைத்த கேரட்

மேஜையில் வைத்த டிபன் பாக்ஸை ஷபீனா திறந்ததும் ஞானசௌந்தரி முகத்தைச் சுளித்தாள்.

உள்ளே ஒரு கேரட் கிடந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். தலையில் வாடிய இலை. மேலெல்லாம் ஈர மண். போதாதென்று உடம்பு முழுக்கச் சல்லிவேர்கள் நூல்நூலாகப் புறப்பட்டு, பல நாள் சவரம் காணாத முகம்போல இருந்தது.

"இன்னா மேடம், கேரட்டு மலைக்கு மாலை போட்டுக்கீதா? தாடி வுட்டுக்கினு கீது" என்றான் துரை.

துரை ஞானசௌந்தரியின் உதவியாளன். அவனுடைய ஆட்டோதான் துப்பறியும் நிலையத்தின் ஒரே வாகனம். வழக்கு இல்லாத நாட்களில் அது தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே ஷேர் ஆட்டோவாக ஓடும். வழக்கு இருக்கும் நாட்களில் அவன் வாய் ஓடும்.

ஞானசௌந்தரியின் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைகள். ஒரு மனிதனைப் பற்றி அவனுடைய சொந்தச் சித்தப்பா என்ன சொல்வார் என்பதை வருஷக்கணக்காகக் கேட்டுவந்ததில், மனித குலத்தின்மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை.

"எங்கே திருடினே?" என்று கேட்டாள்.

"எங்க அத்தா கட்டில் பக்கத்துலேர்ந்து" என்றாள் ஷபீனா. "ஈரத் துணியில சுத்தி, சாசர்ல வெச்சிருந்தாங்க. தூங்கறப்பகூடப் பார்த்துக்கிட்டே தூங்கறாங்க."

ஷபீனாவின் தகப்பனார் ஜமால், தாம்பரம் மார்க்கெட்டில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். முதுகு வலி வந்து கடையை மூடிய பிறகு அவருக்கு விவசாய ஆசை வந்தது. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் 'பசுமை ஏதேன் பண்ணை நிலங்கள்' என்று குப்புராஜ் என்பவன் வேலி போட்டு விற்றுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்திலிருந்து இலவச வேன், இலவச பிரியாணி, திரும்பும்போது ஆளுக்கு ஒரு கேரட். அந்தக் கேரட்டில்தான் ஜமால் விழுந்தார். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருக்கும் தன் வீட்டைக் குப்புராஜுக்கு எழுதிக் கொடுப்பது, பதிலுக்கு இரண்டு ஏக்கர் பண்ணை நிலம் வாங்கிக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

"இன்னிக்கு மதியம் ரிஜிஸ்ட்ரேஷன். அத்தா காலையிலேயே பத்திரப் பையைத் தூக்கிட்டுப் பண்ணைக்குப் போயிட்டாங்க. அந்த வீடு போச்சுன்னா எங்களுக்குத் தலை சாய்க்க வேற இடம் கிடையாது மேடம்."

"வக்கீல் பார்த்தாரா?"

"பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியா இருக்குன்னாரு. மண்ணு தங்கம்னு ஒரு பெரிய ஆபீஸர் வேற சொல்லிட்டாரு. சுந்தரராமன்னு, விவசாய இலாகாவுல இருந்து ரிடையர் ஆனவர். குப்புராஜ் கூடவே இருக்காரு."

"நீ சொல்லிப் பார்த்தியா?"

"சொன்னேன். 'நீ கால் சென்டர்ல உக்காந்து வெள்ளைக்காரனுக்கு சாரி சொல்றவ, உனக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்'னாங்க."

"அவருக்கு என்ன தெரியும்?"

"பஞ்சு" என்றாள் ஷபீனா.

ஞானசௌந்தரிக்கு அந்தப் பெண்ணை முதல் முறையாகப் பிடித்தது.

"எல்லாருக்கும் இந்த மாதிரி தாடிக் கேரட்தான் கொடுக்கறானா?"

"இல்ல மேடம். வாட்ச்மேன் பிடுங்கி, பக்கெட்ல கழுவி, பளபளன்னுதான் குடுக்கறான். வேற யாரையும் பாத்தியில இறங்க விடறதில்ல. போன வாரம் குப்புராஜ் போன்ல பேசிட்டிருந்தப்போ அத்தா தெரியாம ஓரத்துல ஒண்ணைப் பிடுங்கி ஜிப்பா பையில போட்டுக்கிட்டாங்க. 'இது என் கையால எடுத்த முதல் வெள்ளாமை'ன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் காட்டறாங்க."

ஞானசௌந்தரி எழுந்துகொண்டாள்.

"புடவை விக்கிறவன் புடவையைத் தொடாதேன்னு சொன்னா நீ வாங்குவியா?"

"மாட்டேன்."

"மண்ணை விக்கிறவன் மண்ணைத் தொடாதேங்கறான். உங்க அத்தா வீட்டையே கொடுக்கறார். துரை, வண்டியை எடு."

"எங்க மேடம், கூடுவாஞ்சேரிக்கா?"

"காட்டாங்குளத்தூருக்கு. முதல்ல இந்தத் தாடிக்காரனை விசாரிக்கணும்."

ஜனவரிப் பனி இன்னும் விலகவில்லை. வண்டலூரைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலை வேறு ஏதோ தேசத்தின் சாலைபோல வெளுத்து, எங்கே போகிறது என்றே தெரியாமல் கிடந்தது. குதிரை வண்டியொன்று மணியசைத்து வந்தாலும் நம்பலாம் போலிருந்தது. வந்தது மணல் லாரி. பனிக்கு மேலே விளம்பரப் பலகைகள் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் புல்வெளியில் நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

"இத்தினி நகர் கீது, அத்தினிலயும் ஒரு ஊரு கெடையாது" என்றான் துரை.

காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் பின்கட்டில் ஜெபினின் ஆய்வுக்கூடம் இருந்தது. மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். செடிகளைத் தின்னும் நூற்புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவனுடைய வருங்கால மாமனாருக்காக ஞானசௌந்தரி முன்பு அவனை விசாரித்தவள். 'புழுவைத் தவிர வேறு தொடர்பு இல்லை' என்று அவள் கொடுத்த அறிக்கையால்தான் கல்யாணம் நிச்சயமானது. அந்த நன்றி அவனுக்கு இருந்தது.

கேரட்டைத் தட்டில் வைத்து, மேலே ஒட்டியிருந்த மண்ணைத் தனியாக ஒரு குப்பியில் தட்டிக்கொண்டு, மிச்சத்தை மெதுவாகக் கழுவினான். சல்லிவேர்களில் கடுகைவிடச் சிறிய வீக்கங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வீக்கத்திலிருந்தும் புதிதாக இரண்டு மூன்று வேர்கள் கிளம்பியிருந்தன. தாடியின் ரகசியம் அதுதான்.

"அந்த ஆபீஸர் அத்தாகிட்ட இதைப் பார்த்துட்டு, 'வேர்ல முடிச்சு இருந்தா தழைச்சத்து, நல்ல மண்ணுக்கு அடையாளம்'னு சொன்னாராம்" என்றாள் ஷபீனா.

ஜெபின் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

"அது உளுந்துக்கு, வேர்க்கடலைக்கு. அதுல முடிச்சு வேருக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், நகத்தால தட்டினா உதிர்ந்திரும். இங்க பாருங்க, உதிருதா? வேரே வீங்கியிருக்கு. கேரட்டுக்கு அந்தப் பாக்கியமெல்லாம் கெடையாது. இந்த வித்தியாசத்தை முதல் வருஷப் பையன்கிட்ட கேட்டா சொல்லுவான். விவசாய ஆபீஸர் மாத்திச் சொன்னாருன்னா, ஒண்ணு அவரு ஆபீஸர் இல்ல, இல்லன்னா அவருக்கு உண்மை வேண்டாம்."

ஊசி முனையால் ஒரு வீக்கத்தைப் பிளந்து, பூதக்கண்ணாடி நுண்ணோக்கியின் கீழே தள்ளினான். துரைதான் முதலில் குனிந்தான்.

"சுரைக்கா மாதிரி ஒண்ணு கீது மேடம். முத்தாட்டம் பளபளன்னு கீது. இதுவா புழு? நெளியவே இல்லியே?"

"நெளியாது. அது பொம்பளைப் புழு" என்றான் ஜெபின். "குஞ்சா இருக்கறப்ப நூல் மாதிரி மெலிஞ்சு மண்ணுக்குள்ள அலையும். வேர் நுனியைக் கண்டுபிடிச்சா உள்ள பூந்திரும். பூந்து ஒரு இடத்துல வாயை வெச்சா அவ்வளவுதான், சாகற வரைக்கும் நகராது. உக்காந்த இடத்துலயே குடிச்சு குடிச்சு இப்படி ஊதிரும்."

"எங்க வூட்டு ஓனரம்மா மாதிரி" என்றான் துரை.

"வேரைக் கொல்லவும் செய்யாது. சுத்தியிருக்கற செல்லை எல்லாம் பெருசாக்கி, தனக்குச் சாப்பாடு செய்யற ஆளா மாத்திரும். செடி உழைக்கும், இது தின்னும். வெளிய பார்த்தா செடி மத்தியானத்துல வாடும், சாயங்காலம் நிமிரும். விவசாயி தண்ணி பத்தலைன்னு நெனைச்சு இன்னும் தண்ணி விடுவாரு."

"ஆம்பளைப் புழு?"

"வளர்ந்ததும் வேரை விட்டு வெளிய வந்து மண்ணுல சுத்திக்கிட்டு இருக்கும். சாப்பிடக்கூடச் செய்யாது. அது இல்லாமலேயே பொம்பளை முட்டை போட்டுரும்."

"போதும் துரை, நீ அதுக்காக வருத்தப்படாதே" என்றாள் ஞானசௌந்தரி.

ஷபீனாவின் முகம் மலர்ந்திருந்தது. "அப்போ அந்த மண்ணு நோய் பிடிச்ச மண்ணு! இதைச் சொன்னா போதுமே மேடம்?"

"போதாது. குப்புராஜ் வேப்பம்புண்ணாக்கு போட்டா சரியாயிடும்னு சொல்வான். உங்க அத்தா கையெழுத்தும் போட்டுட்டு, வர்ற வழியில நாலு மூட்டை புண்ணாக்கும் வாங்கிட்டு வருவார்." அவள் ஜெபினிடம் திரும்பினாள். "இந்தப் புழுவுக்கு ஊர் உண்டா?"

ஜெபின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன்போல அவன் கண்கள் பளிச்சிட்டன.

"இதுல பல ஜாதி உண்டு மேடம். மூஞ்சியைப் பார்த்து அடையாளம் சொல்றது கஷ்டம். பின்பக்கத்தைப் பார்க்கணும். அங்க தோல்ல கோடு கோடா ரேகை இருக்கும். நம்ம கட்டைவிரல் மாதிரி, ஜாதிக்கு ஒரு தினுசு."

துரை வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் பயனில்லை.

"போலீஸ் ஸ்டேசன்ல இனிமே இங்க்கு பேடு மேல உக்கார வெக்க சொல்லலாம் மேடம்."

ஜெபின் காதில் வாங்கவில்லை. மெல்லிய கத்தியால் அந்த முத்தின் பின்புறத்தை மட்டும் ஒரு துணுக்காக அறுத்து, அமிலத்துளியில் சுத்தம் செய்து, கண்ணாடித் தகட்டில் வைத்தான். பெரிய நுண்ணோக்கியின் கீழே தள்ளிக் குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு வேறொரு வீக்கத்தைப் பிளந்தான். அதையும் அறுத்தான். அதன் பிறகு இன்னொன்று.

"என்ன?" என்றாள் ஞானசௌந்தரி.

"தப்பா இருக்கு மேடம்."

"யார் தப்பு?"

"கூடுவாஞ்சேரின்னுதானே சொன்னீங்க? செங்கல்பட்டு வரைக்கும் கத்தரி, வெண்டை, தக்காளின்னு நான் பார்க்காத வேர் இல்ல. இங்க இருக்கறவளுக்கு முதுகுக் கோடு உயரமா வளைஞ்சு, மாடக்குழி மாதிரி இருக்கும். இவளுக்குக் கோடு தாழ்ந்து, வட்டமா கெடக்கு. வால் பக்கம் பாருங்க, ஊசியால குத்தின மாதிரி புள்ளி புள்ளியா. இது ஹாப்லா. குளிர்காரி. ஊட்டி, கொடைக்கானல்ல கேரட்டு, உருளைக்கிழங்குன்னு தின்னுக்கிட்டு கெடப்பா. நம்ம ஊரு மே மாச மண்ணுல ஒரு வம்சம்கூட தங்க மாட்டா." குப்பியில் ஊறவைத்திருந்த மண்ணிலிருந்து ஒரு துளியை எடுத்துப் பார்த்தான். "மண்ணுலயும் குஞ்சு இருக்கு."

ஷபீனாவுக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. "அப்போ கேரட் ஊட்டியில இருந்து வந்துச்சா?"

"கேரட்டும், அது நின்ன மண்ணும்" என்றாள் ஞானசௌந்தரி. அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தவளின் குரல் அது. "மலையில இருந்து மண்ணோட பேர்த்து எடுத்துட்டு வந்து, இங்க பாத்தி கட்டி வெச்சிருக்கான். மே மாசம்னா எவனும் நம்ப மாட்டான். தை மாசத்துல சமவெளியிலயும் கேரட் வரும்னு யாரோ விஷயம் தெரிஞ்சவன் சொல்லிக் கொடுத்திருக்கான்."

கிளம்பும்போது ஜெபின் வாசல் வரை வந்து அவளிடம் தாழ்ந்த குரலில் ஒரு வரி சொன்னான். அவள் தலையாட்டினாள்.

ஆட்டோ கிளம்பியதும் துரை கண்ணாடி வழியே பார்த்தான். "இன்னா மேடம் சொன்னாரு?"

"கேரட்டைப் பத்தி ஒரு சின்ன விஷயம். நான் சொன்னா ஜமால் நம்ப மாட்டார். குப்புராஜ் வாயாலயே வரட்டும்."

'பசுமை ஏதேன்' வாசலில் சிமெண்டில் ஒரு தோரணவளைவு கட்டி, அதன் உச்சியில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் ஆப்பிளை வைத்திருந்தார்கள். உள்ளே கல் நட்ட மனைகள், கண்ணுக்கு எட்டியவரை கோரைப்புல். நடுவில் பச்சை வலைப் பந்தலின் கீழே ஒரே ஒரு பாத்தி. அதில் கேரட் இலைகள் நெருக்கமாக, வாரி விட்ட தலைமுடிபோல நின்றன. பக்கத்தில் நாற்காலிகள் போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளை ஜிப்பாவில், மடியில் பத்திரப் பையுடன் இருந்தவர் ஜமால். வெள்ளை ஷூவும் இரண்டு செல்போனுமாக இருந்தவன் குப்புராஜ். சஃபாரி சூட்டும் தொப்பியுமாக, தட்டில் இருந்த பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தவர் சுந்தரராமன்.

மகளைப் பார்த்ததும் ஜமால் எழுந்துவிட்டார். "இங்க எதுக்கு வந்தே? யார் இவங்க?"

"வரட்டும் பாய், வரட்டும்" என்றான் குப்புராஜ். "பொண்ணும் பார்க்கட்டும். நாளைக்கு அவங்க அனுபவிக்கப் போற மண்ணு. அம்மா யாரு, டீச்சரா?"

"ஏறக்குறைய" என்றாள் ஞானசௌந்தரி. "கேரட் ரொம்ப நல்லா வந்திருக்கே. இது எங்கேர்ந்தாவது கொண்டுவந்து வெச்சதா, இங்கேயே முளைச்சதா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! விதை! இதோ, இந்தக் கையால தூவினேன். வேற உரம் கெடையாது, மருந்து கெடையாது. அப்படியே குபுகுபுன்னு வந்துச்சு. இந்த மண்ணு அப்படி. சார் சொல்லுவாரு."

சுந்தரராமன் தட்டைப் பார்த்தபடி தலையசைத்தார்.

ஞானசௌந்தரி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். "பாய், இது உங்களோடதா?"

"அடிப்பாவி!" என்றார் ஜமால் மகளைப் பார்த்து. "அதையும் திருடிட்டு வந்துட்டியா?"

"எங்கே பிடுங்கினீங்க?"

"இதோ இந்த ஓரத்துல. என் கையால. யாரும் எனக்கு எடுத்துக் குடுக்கல, தெரிஞ்சுக்குங்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஷபீனா தரையைப் பார்த்தாள்.

"நல்லது. கடையில வாங்கினதுன்னு யாரும் சொல்ல முடியாது" என்றாள் ஞானசௌந்தரி. "இதோட வேர்ல ஒரு புழு இருக்கு. அதோட பின்பக்கத்தை அறுத்துப் பார்த்தோம். ரேகை வட்டமா இருக்கு. வால் பக்கம் புள்ளி புள்ளியா இருக்கு."

குப்புராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "பாய், உங்க பொண்ணு ஜோசியம் பார்க்கற அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கு. புழுவுக்கு ரேகை பார்க்கறாங்களாம்!"

சுந்தரராமன் சிரிக்கவில்லை. அவருடைய கரண்டி பாதியில் நின்றது.

"ஹாப்லா" என்றார், தன்னையறியாமல்.

"அந்தப் பேரை நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்" என்றாள் ஞானசௌந்தரி. "நீங்க நிஜமாவே ஆபீஸர்தான் போலிருக்கு. அது எங்க இருக்கும்னும் நீங்களே சொல்லிடுங்க."

அவர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மலையில இருக்கும் பாய். ஊட்டியில. இங்கே அது பொழைக்காது. இங்க தூவின விதை, இங்க முளைச்ச கேரட்னா, ஊட்டிப் புழு எப்படி வந்துச்சு? வேன்ல வந்துச்சா, பிரியாணிக்கு?"

ஜமால் குப்புராஜைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல. பதில் சொல்லி இவர்களை விரட்டு என்ற கெஞ்சலோடு.

குப்புராஜ் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மனை விற்பவனுக்கு அது ஒரு பயிற்சி.

"அட, இதானா! விதைன்னா நேரா விதையா? விதை ஊட்டி விதைம்மா. அங்கேயே நாத்து விட்டு, பறிச்சு, லாரியில கொண்டாந்து இங்க நட்டோம். நம்ம நெல்லு நடறதில்லையா, அந்த மாதிரி. நாத்து வேரோட ஒண்ணு ரெண்டு புழு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். என்ன சார், நம்ம நாத்து ஊட்டிலேர்ந்துதானே வந்துச்சு? சொல்லுங்க சார்."

சுந்தரராமன் கண்களை மூடிக்கொண்டார்.

ஞானசௌந்தரி அவருக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவசரமே இல்லாமல் கேட்டாள்.

"சார், தக்காளிக்கு நாத்து விடுவாங்க. மிளகாய்க்கு, கோஸுக்கு விடுவாங்க. உங்க சர்வீஸ்ல கேரட்டுக்கு நாத்து விட்டுப் பறிச்சு நட்ட விவசாயி ஒருத்தனையாவது பார்த்திருக்கீங்களா?"

பந்தல் வலை காற்றில் அடித்துக்கொண்டது.

"விதையை நேரா மண்ணுல தூவறதுதான் கேரட்டு. பிடுங்கி நட்டா கிழங்கு ரெண்டு காலாப் பிளந்துடும். பாய் பிடுங்கின கேரட்டுக்குக் கால் இல்லை. உலர்ந்த விதையில இந்தப் புழு வராது. அப்போ நாத்தும் இல்லை, விதையும் இல்லை. வளர்ந்த கேரட்டை மண்ணோட பெட்டியில பேர்த்து வந்திருக்கீங்க. உங்க முதலாளிக்கு இது தெரியலை. பாவம், அவர் மனை விக்கிறவர். நீங்க இவ்வளவும் தெரிஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"இன்னா சார் நீங்க, முதலாளிக்கு கேரட்டு எப்படி மொளைக்கும்னு ஒரு டூசன் எடுத்திருக்கக் கூடாது?" என்றான் துரை.

ஜமால் பத்திரப் பையை நாற்காலியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். "பாய், பாய், பாத்தியில இறங்காதீங்க" என்று குப்புராஜ் கையை நீட்டுவதற்குள் பந்தலுக்குள் போய்க் குனிந்து, ஒரு கொத்து இலையைப் பற்றி இழுத்தார்.

கொத்தாக இழுத்ததால் கேரட் தனியாக வரவில்லை. மண்ணும் சேர்ந்து, பெட்டியில் வார்த்த மாதிரி சதுரமாக, பெயர்ந்து வந்தது. அடுத்ததும் அப்படியே. முதுகு வலியை மறந்து அவர் இரண்டு கைகளாலும் பேர்த்துப் பேர்த்து எறிந்தார். அதன் கீழே சாக்கு விரித்திருந்தது. சாக்கைச் சுருட்டினார். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், வெடித்துக் கிடந்த களிமண். அதில் சின்னச் சின்ன வெள்ளை நத்தை ஓடுகள்.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏரி" என்றார்.

"பட்டா சரியாத்தான் இருக்கு. ஐப்பசி மாசம் தண்ணி வர்றப்போ அதைப் படிச்சுப் பார்த்துட்டு வராது" என்றாள் ஞானசௌந்தரி.

குப்புராஜ் ஷூவில் தெறித்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தான். அவன் முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவனின் சலிப்பு மட்டும் இருந்தது.

"உங்களுக்குக் குடுப்பினை இல்ல பாய். ஞாயித்துக்கிழமை வேன் ஃபுல். கேரட்டு இல்லன்னா முட்டைகோஸ் வைப்பேன். வர்றவன் வந்துக்கிட்டுதான் இருப்பான்." ஒரு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையோ "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்று கொஞ்சியபடி காரை நோக்கி நடந்தான். சுந்தரராமனை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு கொடுக்கறான்?" என்று ஞானசௌந்தரி அவரிடம் கேட்டாள். பிச்சைக்காரனிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்கும் தொனி.

"ஒண்ணும் கொடுக்கலை." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முதல் மனை என்னுது. செம்பாக்கத்துல இருந்த வீட்டை எழுதிக் கொடுத்துட்டு வாங்கினேன்."



"நீங்களா? நீங்க ஆபீஸர்!" என்றாள் ஷபீனா.

"எனக்குக் கேரட்கூடத் தேவைப்படலை. ஏசி கார்ல கூட்டிட்டு வந்தான். ஐயா நீங்க பார்த்துச் சொன்னா போதும்னான். நான் கீழே இறங்கிப் பார்க்கலை. சர்வீஸ்ல இருந்தப்பவும் நான் வயல்ல இறங்கினது இல்லை." அவர் தொப்பியின் விளிம்பைத் திருகினார். "மழைக்காலம் வந்ததும் தெரிஞ்சுபோச்சு. போய்க் கேட்டேன். இந்த மாதிரி பத்து வீடு பிடிச்சுக் கொடுத்தா என் வீட்டைத் திருப்பிக் கொடுத்துடறேன்னான். அப்புறம் கேரட் யோசனை..."

"உங்களோடது" என்று முடித்தாள் ஞானசௌந்தரி.

அவர் தலையசைத்தார்.

ஜமால் பாத்தியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். கைகளில் மண் அப்பியிருந்தது.

"நான் எத்தனாவது?"

சுந்தரராமன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல. எத்தனாவது?"

"பத்தாவது."

அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜமால் அடிக்கவில்லை. நாற்காலியில் இருந்த பத்திரப் பையை எடுத்து, மண் கையாலேயே மகளின் மார்போடு அழுத்தினார்.

"நீயே வெச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காதே."

"சரித்தா" என்றாள் அவள். பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். குப்புராஜின் கார் வளைவைத் தாண்டிப் போயிருந்தது. ஆளில்லாத மனைகளின் நடுவே சுந்தரராமன் செய்வதறியாமல் நின்றார். பிறகு ஓட்டமும் நடையுமாக வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பஸ் கிடையாது. என்னையும் கொஞ்சம்..."

"இடமில்லை" என்றாள் ஞானசௌந்தரி. "குப்புராஜாவது ஏமாத்தறதுக்குன்னு பிறந்தவன். நீங்க ஏமாந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சே ஒன்பது குடும்பத்தைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அந்தப் புழு உங்களைவிட எவ்வளவோ தேவலை. அது இன்னொரு வேருக்கு வழி காட்டறதில்லை."

"ஏத்திக்குங்க" என்றார் ஜமால்.

ஷபீனா திரும்பிப் பார்த்தாள். தகப்பனாரின் முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை.

"அந்த ஒன்பது வீடு எங்கெங்க இருக்குன்னு இவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இறக்கி விடுவோம். இப்ப எங்ககிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லட்டும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு போலீசுக்குப் போவோம். நானும் வர்றேன்."

"சொன்னா என் வீடு திரும்பி வராது" என்றார் சுந்தரராமன்.

"சொல்லலைன்னா வந்துடுமா?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

அவர் ஆட்டோவின் கம்பியை விடவில்லை. கோரைப்புல்லுக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்சீட்டைப் பார்த்தார். ஜமால் அசையவில்லை.

துரை தன் சீட்டில் ஓரமாக நகர்ந்து, கையகலத்துக்கு இடம் விட்டான்.

"முன்னாடி வாங்க சார். அரை சீட்டுதான். கம்பியை கெட்டியா புடிச்சுக்கோங்க. முதல் வூடு எந்தப் பக்கம்?"

விவசாய இலாகாவின் முன்னாள் அதிகாரி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, டிரைவரின் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ குலுங்கிக் கிளம்பியது.

"சேலையூர்" என்றார். "ஒரு நர்ஸம்மா. செல்வமேரின்னு பேரு. என்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாங்க."